நகல் கட்டும் நன்னூலும்: ஜி.ஆர்.இ. சொற்களோடு பட்ட பாடு

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு நகல் கட்டு கிடக்கிறது. ஸ்பைரல் போட்டது, இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். முதல் முப்பது பக்கங்கள் மூலை மடிந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, பச்சை மையும் சிவப்பு மையுமாகக் கோடு வாங்கியிருக்கின்றன. போகப் போகக் கோடுகள் குறைகின்றன. ஆங்கில 'இ' எழுத்தைத் தாண்டியதும் தாள், கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே வெண்மையில் இருக்கிறது. 'எஸ்' பகுதியை நான் திறந்து பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

அது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்குச் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கான ஆங்கிலச் சொற்பட்டியல். 3,500 சொற்கள், அகர வரிசையில், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரிப் பொருள். 2014இல் நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வேளச்சேரியில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்குப் போக வேண்டும் என்று ஆசை. வார இறுதியில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். பணம் கட்டிய முதல் நாளே இந்தக் கட்டைக் கையில் கொடுத்து, "ஒரு நாளைக்கு நாற்பது சொல். மூன்று மாதத்தில் முடிந்துவிடும்" என்றார்கள். கணக்கு சரிதான். நான் பொறியியல் படித்தவள், அந்தக் கணக்கைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். அதனால் மனப்பாடம் எனக்குப் புதிதில்லை. காலையில் பஸ்ஸில் நாற்பது சொற்களை உருப்போடுவேன். இரவில் ஒப்பித்துப் பார்ப்பேன். முதல் வாரம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மூன்றாவது வாரத்தில் 'டி' எழுத்துக்கு வந்தபோது 'ஏ' எழுத்தில் பாதி கரைந்திருந்தது. திரும்பப் போய் 'ஏ' படித்தேன். 'டி' போயிற்று. எங்கள் விடுதியில் நான்கு பேர் அந்தத் தேர்வுக்குப் படித்தோம். நால்வருக்கும் 'ஏ' எழுத்துச் சொற்கள் அத்துபடி, 'பி' பாதி. 'எம்' எழுத்துக்கு மேல் உலகில் சொற்களே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டோம்.

செப்டம்பரில் தேர்வு எழுதினேன். முடிந்ததும் திரையிலேயே அதிகாரபூர்வமற்ற மதிப்பெண் வரும். ஆங்கிலப் பகுதியும் கணிதப் பகுதியும் தனித்தனியே 130 முதல் 170 வரை. கணிதத்தில் 163. ஆங்கிலத்தில் 144. எல்லாவற்றையும் தவறாக எழுதினாலும் 130 கிடைக்கும் என்பதை நினைத்தால், மூன்று மாத உழைப்புக்கு நான் சம்பாதித்தது 14. பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்களை விட்டுவிட்டு நின்றேன்.

என்ன தவறு என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. முதல் தவறு, அந்தக் கட்டே பழைய தேர்வுக்கானது. 2011 ஆகஸ்டு வரை ஜி.ஆர்.இ.யில் எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் இருந்தன. ஒரு சொல்லைத் தனியாகக் கொடுத்து அதன் எதிர்ப்பொருளைக் கேட்பார்கள். பட்டியலை உருப்போட்டவனுக்கு அங்கே பலன் உண்டு. அந்த மாதத்தில் தேர்வை மாற்றி, இரண்டு வகைக் கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் சொல்லறிவு முழுக்க வாக்கியத்துக்குள் வைத்தே சோதிக்கப்படுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று கோடிட்ட இடங்கள் கொண்ட பத்தி வரும். மூன்றில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் கிடையாது. இன்னொரு வகையில் ஆறு சொற்கள் கொடுத்து, வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தேர்வு மாறி மூன்று ஆண்டு ஆகியும் நகல் எடுக்கும் கடையில் கட்டு மாறவில்லை. மாற்ற வேண்டிய பயிற்சி மையம் மாற்றவில்லை என்பதுதான் சரி. ஆனால் தேர்வை நடத்தும் அமைப்பு இணையத்தில் இலவசமாகவே வைத்திருந்த மாதிரித் தாளைத் திறந்து பார்க்காதது என் குற்றம். இப்போது தயாராகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். 2023 செப்டம்பரில் ஜி.ஆர்.இ. மறுபடியும் மாறி, ஆங்கிலப் பகுதி 41 நிமிடத்தில் 27 கேள்விகள் என்று சுருங்கிவிட்டது. எந்த ஆண்டின் தேர்வுக்கு எந்த ஆண்டின் பட்டியலைப் படிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு அகர வரிசை. ஒரே மாதிரி தொடங்கும் சொற்களை ஒரே நாளில் அடுத்தடுத்துப் படித்தால் அவை ஒன்றையொன்று தின்றுவிடும். 'அப்ஸ்டீமியஸ்', 'அப்ஸ்ட்ரூஸ்', 'அப்ஸ்கான்ட்' மூன்றையும் ஒரே பஸ் பயணத்தில் படித்தவளிடம், இறங்கும்போது எது மிதமாக உண்பவர், எது விளங்காதது, எது தலைமறைவாவது என்று கேட்டால் என்ன சொல்வாள்? 'அப்ஸ்கான்ட்' மட்டும் நினைவில் நின்றது. காரணம் பட்டியல் அல்ல. ஆங்கில நாளிதழில் எந்தக் குற்றச் செய்தியிலும் ஒருவராவது தலைமறைவாக இருப்பார்.

மூன்றாவது தவறுதான் பெரியது. சொல்லின் பொருள் தெரிந்தால் சொல் தெரியும் என்று நம்பியது.

'லேகானிக்' என்றால் சுருக்கமாகப் பேசுகிற என்று பொருள். பண்டைய ஸ்பார்ட்டா இருந்த லேகோனியா நிலப்பகுதியின் பெயரிலிருந்து வந்தது. அந்த ஊர்க்காரர்கள் வார்த்தைகளை எண்ணிச் செலவழித்தவர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரை 'எனிதிங் பட் லேகானிக்' என்று எழுதியிருந்தால், அவர் 'எதுவாக இருந்தாலும் லேகானிக்' என்று படித்துவிட்டுப் போகிறவளாக இருந்தேன். அதன் பொருள் நேர் எதிர்: அவர் வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், லேகானிக் மட்டும் இல்லை. 'ஹார்ட்லி', 'ஃபார் ஃப்ரம்', 'நோ லெஸ்', 'ஆல்பீட்' போன்ற சின்னச் சொற்களில்தான் வாக்கியத்தின் திசை இருக்கிறது. பெரிய சொற்களின் பின்னாலேயே ஓடி, திசை காட்டும் முப்பது சின்னச் சொற்களை விட்டுவிட்டேன். தேர்வில் போன மதிப்பெண்ணில் பாதி இதில் போயிருக்கும்.

திருத்திக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தேன். கோடிட்ட இடத்தைப் பார்த்ததும் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அங்கே என்ன வர வேண்டும் என்று என் தமிழிலேயே ஒரு சொல்லைப் போடுவேன். 'ஊரே அவரைக் கருமி என்றது. ஆனால் அண்டை வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்று வந்தால் அவர் ______' என்று ஒரு வாக்கியம் இருந்தால், தமிழ் காது உடனே 'வாரி வழங்குவார்' என்று சொல்லிவிடும். பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. பிறகுதான் விடைகளைத் திறப்பேன். ஐந்தில் மூன்று சொற்கள் கழித்தல் பக்கம் இருக்கும், அவை போய்விடும். மீதி இரண்டில் 'வாரி வழங்குவது' எது என்று பார்த்தால் போதும். சொல்லின் நுட்பமான பொருள் தெரியாவிட்டாலும், அது பாராட்டா ஏச்சா என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டலாம்.

இங்கே ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. "தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி" என்று பயிற்சி மையத்தில் ஓயாமல் சொன்னார்கள். எங்களைப் போன்ற தமிழ்வழிப் பிள்ளைகளைப் பார்த்துக் கொஞ்சம் இளக்காரமாகவே சொன்னார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் நடந்தது. தமிழைக் கூர்மையாக்கிய பிறகுதான் ஆங்கிலச் சொற்கள் எனக்குப் பிடிபட்டன.

நகல் கட்டில் 'லொக்வேஷியஸ்', 'காருலஸ்', 'வால்யுபிள்', 'வெர்போஸ்' நான்குக்கும் ஒரே பொருள்: அதிகம் பேசுகிற. தேர்வில் இவற்றில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் என்ன செய்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இவற்றுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் ஆள் தேடினேன். 'லொக்வேஷியஸ்' வாயாடி, அதில் கொஞ்சம் செல்லமும் இருக்கலாம். 'காருலஸ்' தொணதொணப்பு, கேட்கிறவருக்கு எப்போது நிறுத்துவார் என்றிருக்கும். 'வால்யுபிள்' மடை திறந்தாற்போல் கொட்டுவது. 'வெர்போஸ்' வளவள, எழுத்துக்கும் பொருந்தும். இப்படிப் பிரித்துப் போட்ட பிறகு அந்த நான்கும் எனக்கு மறக்கவே இல்லை. 'பெர்ஃபங்க்டரி' என்றால் 'கடமைக்காகச் செய்யப்படுகிற' என்று அகராதி சொல்லும். 'ஏனோதானோவென்று' என்று என் அட்டையில் எழுதினேன். 'அப்ஸீக்வியஸ்' கூழைக்கும்பிடு. 'எக்விவகேட்' மழுப்புதல். 'ஆஃபிஷியஸ்' என்ற சொல்லை 'அலுவலகத்துக்குரிய' என்று ஊகித்துத் தவறாக வைத்திருந்தேன், அது அதிகப்பிரசங்கி. 'மெலிஃப்ளுவஸ்' கிடைத்த அன்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லத்தீனில் 'மெல்' தேன், பின்பகுதிக்கு ஒழுகுதல் என்று பொருள். தேனொழுகப் பேசுகிறான் என்று பாட்டி யாரைப் பற்றியோ எச்சரித்தது அப்படியே லத்தீனில் உட்கார்ந்திருக்கிறது.

சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவேன். அங்கே படித்ததைவிட, அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் புரட்டியதுதான் அதிகம். சில இடங்களில் அதன் தமிழ் கடினம். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை முகம் உண்டோ அத்தனைக்கும் தனித்தனியே சொல் தேடியிருப்பார்கள். ஒரு வரிப் பொருள் என்ற நோய்க்கு அது நல்ல மருந்து.

அந்தக் காலத்தில்தான் பள்ளியில் தமிழாசிரியை ஒப்பிக்கச் சொல்லி முட்டிபோட வைத்த நன்னூல் சூத்திரம் ஒன்று திரும்பி வந்தது. பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்றுபயன் இன்மை. ஜி.ஆர்.இ. பத்திகள் பெரும்பாலும் ஆய்வுலகத்தின் பேச்சு. ஓர் அறிஞர் இன்னொருவரின் வாதத்தை எடைபோடுவார். விமர்சகர் ஓர் எழுத்தாளரைக் குறைகூறுவார். அதனால் அங்கே திரும்பத் திரும்ப வரும் சொற்கள், பேச்சையும் வாதத்தையும் பாராட்டும் அல்லது பழிக்கும் சொற்கள்தாம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி எனக்கு அறை அறையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மிகைபடக் கூறலில் 'வெர்போஸ்', 'ப்ரோலிக்ஸ்'. கூறியது கூறலில் 'ரிடண்டன்ட்', 'டாட்டாலஜி'. மயங்க வைத்தலில் 'ஆம்பிகுவஸ்', 'எக்விவகல்'. வெற்றெனத் தொடுத்தலில் 'வேக்யூவஸ்'. மற்றொன்று விரித்தலில் 'டைக்ரஸிவ்', 'டான்ஜென்ஷியல்'. நின்றுபயன் இன்மைக்கு 'ஓஷியோஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. சொற்கள் அங்கே நிற்கும், ஆனால் ஒரு வேலையும் செய்யாது. இவ்வளவு கச்சிதமாக ஆங்கில விளக்கம் எதுவும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அவரே சொல்கிற பத்து அழகில் 'சுருங்கச் சொல்லல்' என்ற அறையில் 'சக்சிங்க்ட்', 'பித்தி', நம் 'லேகானிக்'. 'விளங்க வைத்தல்' அறையில் 'லூசிட்'.

பாட்டியின் பேச்சிலிருந்து இன்னோர் அறை கிடைத்தது. பழைய கிரேக்க மருத்துவம் உடம்பில் நான்கு நீர்கள் உண்டு என்றது: இரத்தம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம், கபம். எது மிகுந்ததோ அதுவே ஆளின் குணம். இரத்தம் மிகுந்தால் 'சாங்க்வின்', எதிலும் நல்லதே நடக்கும் என்று நம்புகிறவர். மஞ்சள் பித்தம் என்றால் 'காலெரிக்', சீறி விழுகிறவர். கறுப்புப் பித்தம் 'மெலங்கலிக்', சோர்ந்தவர். கபம் 'ஃப்ளெக்மாட்டிக்', இடி விழுந்தாலும் அசையாதவர். வாத பித்த கபம் பேசுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு, 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்று தாத்தாவின் கோபத்தைப் பாட்டி சொல்லக் கேட்டவளுக்கு, இது வேற்றூர்க் கதையாகவே படவில்லை. கோள்களும் அப்படியே. 'சாட்டர்னைன்' சனியிலிருந்து: சிடுமூஞ்சி, இருண்ட முகம். 'ஜோவியல்' வியாழனிலிருந்து: கலகலப்பு. 'மெர்க்யூரியல்' புதனிலிருந்து: நிமிடத்துக்கு ஒரு மனம். 'மார்ஷியல்' செவ்வாயிலிருந்து: போர்க்குணம். ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாத எனக்கு ஜாதகம் செய்த ஒரே உபகாரம் இது.

வேர்ச்சொல் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு அது இரண்டாம் இயல்பு: சொல்லை உடை, பகுதி என்ன, விகுதி என்ன என்று பார். 'சர்க்கம்லொக்யூஷன்' என்பதை உடைத்தால் முன்னால் 'சுற்றி', பின்னால் 'பேசு': சுற்றி வளைத்துப் பேசுதல். அதே 'பேசு' வேர் 'எலொக்வென்ட்', 'சொலிலொக்வி', 'லொக்வேஷியஸ்' மூன்றிலும் இருக்கிறது. 'வென்ட்ரிலொக்விஸ்ட்' என்றால் வயிற்றிலிருந்து பேசுபவர். ஐம்பது அறுபது வேர்கள் தெரிந்தால் தெரியாத சொல்லையும் ஓரளவு முகர்ந்து பார்க்கலாம். ஆனால் வேரை நம்பிக் கெட்டதும் உண்டு. 'எனர்வேட்' என்ற சொல்லை 'எனர்ஜி'யின் உறவு என்று நினைத்து, காபி என்னை 'எனர்வேட்' செய்கிறது என்று வகுப்பில் வாக்கியம் எழுதினேன். அது நரம்பை உருவி எடுப்பது, துவளச் செய்வது. 'இன்வேல்யுவபிள்' மதிப்பற்றது அல்ல, மதிப்பிடவே முடியாதது. 'இன்ஃபேமஸ்' புகழில்லாதவர் அல்ல, பேர் நாறியவர். வேர் காட்டுவது வீதியைத்தான். எந்த வீடு என்று கதவைத் தட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக என்னை ஏமாற்றியவை தெரிந்த சொற்கள். தெரியாத சொல்லுக்காவது நாம் பயப்படுகிறோம். 'டிஸ்கவுன்ட்' தி.நகரில் கடைக்குக் கடை தொங்குகிறது. ஒரு கருத்தை 'டிஸ்கவுன்ட்' செய்வது என்றால் அதைப் பொருட்படுத்தாமல் ஒதுக்குவது. 'குவாலிஃபைட்' நமக்குத் தகுதி பெற்றவர். 'குவாலிஃபைட்' ஆதரவு என்றால் நிபந்தனையோடு கூடிய அரைமனது ஆதரவு. 'சாங்க்ஷன்' அனுமதியும்தான், தண்டனையும்தான். உற்சாகம் 'ஃப்ளாக்' ஆகிறது என்றால் கொடி ஏறுவதல்ல, துவண்டு விழுவது. இவற்றுக்குத் தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். ஏறத்தாழ நூற்றிருபது சொற்கள் சேர்ந்தன. என் தயாரிப்பில் ஒரு மணி நேரத்துக்கு அதிகப் பலன் தந்தது அந்த நோட்டுதான் என்று இப்போதும் சொல்வேன்.

படிக்க என்ன எடுப்பது என்று கேட்பார்கள். இந்திய ஆங்கில நாளிதழின் நீதிமன்றப் பக்கத்தையும் தலையங்கத்தையும் சொல்வேன். 'ஸ்ப்யூரியஸ்' என்றால் போலி என்று கள்ளச்சாராயச் செய்திகளே கற்றுத்தந்துவிடும். 'அபெட்', 'அன்டெனபிள்', 'மூட்', 'இன்கம்பன்ட்' எல்லாம் அங்கே தினக்கூலிக்கு வேலை செய்கின்றன. ஒரு தலையங்கத்தை மூன்று முறை படிப்பேன்: முதலில் என்ன சொல்கிறார் என்று, அடுத்து எந்த இடத்தில் வாதம் திரும்புகிறது என்று, கடைசியில்தான் சொற்களுக்காக. இது மெதுவான வேலை. பத்துக் கட்டுரையை மேய்வதைவிட ஒன்றை இப்படி அசைபோடுவது உடம்பில் ஒட்டியது.

மறதிக்கு வருகிறேன். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழிப் பத்திரிகையாளர் ஓர் அட்டைப்பெட்டி முறையைப் பரப்பினார். ஐந்து அறை கொண்ட பெட்டி. புதிய சொல்லின் அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். என் பெட்டி, சாத்தூர்க் காரச்சேவு வந்த அட்டைப்பெட்டி. முதல் அறையைத் தினமும் பார்ப்பேன், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை. கைபேசியில் இதையே செய்யும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அவை நாள் கணக்கை நம்மைவிட ஒழுங்காக வைத்துக்கொள்ளும். எனக்குக் கையால் எழுதினால்தான் நின்றது. அட்டையின் முன்பக்கத்தில் சொல்லைத் தனியாக எழுதமாட்டேன், நாளிதழில் அது வந்த வாக்கியத்தோடு எழுதுவேன். பின்பக்கத்தில் என் தமிழ், கூட்டல் அல்லது கழித்தல் குறி, குழப்பும் இரட்டைச் சொல் இருந்தால் அதுவும். 'இன்ஜீனியஸ்' சூட்டிகையானவர், 'இன்ஜெனுவஸ்' சூதுவாது அறியாதவர். இரண்டுக்கும் ஒரே அட்டை. ஒரு நாளைக்கு எட்டுச் சொல், வாரத்துக்கு ஆறு நாள். ஞாயிறு பழையது மட்டும். நான்கு மாதத்தில் 800க்குச் சற்று மேல். நாற்பதுக்குப் பதில் எட்டு என்றபோது விடுதித் தோழிகள் சிரித்தார்கள்.

ஓர் அட்டையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரவுகளில் நானும் என் அறைத்தோழியும் ஒருவர் அட்டையை ஒருவர் எடுத்துக் கேட்டுக்கொள்வோம். ஒருநாள் அவள் ஓர் அட்டையை எடுத்து, கேள்வி கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை மேசையில் என் பக்கமாகத் தள்ளினாள். "இது எங்கள் சாதிப் பெயர், தெரியுமா?" என்றாள். 'பரையா' என்ற சொல். 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று நான் அழகான கையெழுத்தில் எழுதி, பக்கத்தில் கழித்தல் குறி போட்டிருந்தேன். பறையர் என்ற தமிழ்ப் பெயர்தான் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் உலகத்துக்கே ஏச்சுச் சொல்லாகியிருக்கிறது. தமிழச்சியான எனக்கு அது கண்ணில் படவே இல்லை; பட்டியலில் இருந்தது, எழுதினேன். அன்று இரவு நாங்கள் வேறு அட்டை எடுக்கவில்லை. தேர்வில் வரலாம் என்பதால் சொல் தெரிந்திருக்கத்தான் வேண்டும். அட்டையில் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டேன். என் எழுத்திலோ பேச்சிலோ இன்றுவரை அதைப் பயன்படுத்தியதில்லை.

2015 பிப்ரவரியில் மறுபடியும் எழுதினேன். ஒரு முறை எழுதி 21 நாள் கழித்து மீண்டும் எழுதலாம் என்பது விதி. தவறு புரியப் போன ஒரு மாதத்தையும் சேர்த்து நான் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். எந்த முயற்சியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று நாமே முடிவுசெய்யலாம் என்பதால் 144 யார் கண்ணுக்கும் போகவில்லை. இந்த முறை 157. கணிதம் 164, அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. 170 வாங்கியவர்கள் இதைப் படித்தால் புன்னகைக்கலாம். தமிழ்வழியில் படித்து வந்தவளுக்கு அது போதிய தூரம்தான்.

ஒரு சின்னச் சங்கடமும் உண்டு. அட்டையில் படித்த சொற்களுக்கு உச்சரிப்பைப் பார்க்கவில்லை. தேர்வுக்கு அது தேவையில்லையே. அமெரிக்கா போன முதல் மாதம், வகுப்பில் எழுந்து நின்று 'எபிடோம்' என்றும் 'ஹைபர்போல்' என்றும் தைரியமாகப் பேசினேன். 'எபிடமி', 'ஹைபர்பலி' என்று பக்கத்து இருக்கைக்காரர் மெல்லத் திருத்தினார். அட்டை எழுதும்போதே அகராதிச் செயலியின் ஒலிபெருக்கிக் குறியை ஒருமுறை அழுத்துங்கள். இரண்டு விநாடிதான்.

இப்போது மதுரையில் அண்ணன் மகள், அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்குச் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் படிக்கிறாள். பதினோராம் வகுப்பு. அங்கேயும் அதே கதை. ஒப்புமைக் கேள்விகளை 2005இலும், கோடிட்ட இடம் நிரப்பும் பழைய கேள்விகளை 2016இலும் எடுத்துவிட்டார்கள். 2023 முதல் அமெரிக்காவுக்கு வெளியே தேர்வு முழுக்கக் கணினியில். ஆங்கிலப் பகுதியில் 64 நிமிடத்துக்கு 54 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 150 சொற்களுக்குள் ஒரு குட்டிப் பத்தி. சொல்லறிவைச் சோதிக்கும் கேள்விகளில், அந்தப் பத்தியில் எந்தச் சொல் சரியாகப் பொருந்தும் என்பது போலக் கேட்பார்கள். ஆனால் அவள் பையில் இருந்ததோ ஐயாயிரம் சொற்கள் கொண்ட ஒரு கோப்பு, யாரோ அனுப்பியது. "அத்தை, ஒரு நாளைக்கு ஐம்பது படித்தால் முடித்துவிடலாமா?" என்று கேட்டாள். எனக்குப் பரணில் கிடக்கும் கட்டு நினைவுக்கு வந்தது.

கோப்பை அழிக்கச் சொல்லவில்லை. சொன்னால் இந்த வயதில் கேட்கமாட்டார்கள். இரண்டு வாரம் அவள் இஷ்டப்படி விட்டுவிட்டு, பிறகு முதல் நாள் சொற்களைக் கேட்டேன். ஐம்பதில் ஒன்பது சொன்னாள். அந்தச் சனிக்கிழமையே பெட்டி செய்ய உட்கார்ந்தோம். அவள் ஆங்கிலவழியில் படிப்பவள். அவளுக்குச் சிக்கல் வேறு. ஆங்கிலம் சரளமாக வரும், ஆனால் 'ஆம்பிவலன்ட்' என்றால் 'சரியாகத் தெரியாது' என்பாள். விருப்பமும் வெறுப்பும் ஒரே நேரத்தில் இருப்பது என்று சொன்னால், "அப்படியென்றால் என்ன அத்தை?" என்கிறாள். "உன் கல்யாணப் பேச்சை எடுத்தால் உன் அப்பாவுக்கு எப்படி இருக்குமோ அப்படி" என்றேன். எழுதிக்கொண்டாள். நன்னூல் சூத்திரத்தையும் சொல்லிக்கொடுத்தேன். அவள் பள்ளியில் இரண்டாம் மொழி பிரெஞ்சு. பவணந்தியை முதல்முறையாக எஸ்.ஏ.டி.க்காகக் கேள்விப்படுகிறாள். இதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை.

என் பழைய காரச்சேவுப் பெட்டியிலிருந்து கொஞ்சம் அட்டைகளை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் அறையில் நூற்றுக்கணக்கில் இருந்தன. முதல் அறையில் ஒரே ஓர் அட்டை: 'டெஸல்ட்டரி'. ஓடும் குதிரையிலிருந்து இன்னொரு குதிரைக்குத் தாவும் ரோமானிய வித்தைக்காரனிடமிருந்து வந்த சொல். ஒழுங்கில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது. கதை தெரியும், வேர் தெரியும், தமிழும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் 2015இல் தேர்வுக்குப் போகிற அன்று காலைவரை அதை ஒரு வாரத்துக்கு மேல் என்னால் இரண்டாம் அறையில் வைத்திருக்க முடிந்ததில்லை. போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்தில் இருந்த அட்டைகளெல்லாம் மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் ஏறியிருந்தன. அது மட்டும் முதல் அறையிலேயே இருந்தது.